இணைப்பு எங்கேயோ ஒழுக்கும் அங்கேதான்

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீடுகள் பெரிய தொழிலானதற்கு ஒரு மழைதான் காரணம். டெட்ராய்ட் நகரில் மருந்துக் கம்பெனி நடத்திவந்த ஆர்தர் ஷெர்மன், கிருமிகளை ஆராய்கிற படிப்புப் படித்தவர். 1920களின் கடைசியில் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பினார். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற மடக்குக் கூடாரம் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். தண்ணீர் புகாது, ஐந்தே நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். விரிக்கும் வித்தை பிடிபடுவதற்குள் இடியோடு மழை கொட்டி, குடும்பம் மொத்தமும் நனைந்தது. ஊர் திரும்பியவர், துணியே வேண்டாம் என்று கெட்டிச் சுவர் வைத்த பெட்டி ஒன்றைச் செய்வித்தார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம், சுவருக்கு மேசனைட் பலகை. ‘கவர்டு வேகன்’ என்று பெயரிட்டு, 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் 400 டாலர் விலை போட்டு நிறுத்தினார். கண்காட்சி முடிவதற்குள் 118 வண்டிகள் விலைபோயின. 1936-ல் அவருடைய கம்பெனி விற்றது சுமார் 6,000 வண்டிகள். அன்றைக்கு அந்தத் தொழிலில் அதுதான் நாட்டிலேயே பெரியது.

ஷெர்மன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நனைந்த குழந்தைகளைப் பார்த்து ஒரு தகப்பனுக்கு வந்த கோபத்தில் பிறந்த தொழில் இது. ஆனால் துணியை எடுத்துவிட்டுப் பலகையை வைத்தபோது வேறொரு சிக்கல் கூடவே வந்து சேர்ந்தது. துணிக்கூடாரம் நனைந்தால் விரித்துப் போட்டுக் காயவைக்கலாம். பலகைப் பெட்டிக்கு மூலை உண்டு, விளிம்பு உண்டு, ஜன்னல் சட்டம் உண்டு. அதற்குள் போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது.

நான் இருப்பது இந்தியானா மாநிலத்தில், எல்கார்ட் கவுண்டியைச் சேர்ந்த கோஷன் என்ற சிற்றூர். கணவருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்து வந்தோம். வந்த இடத்தில் பழைய டிரெய்லர்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதப் போனேன். கணக்கை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தது பிறகு நடந்தது. இன்று என் வேலை ஒழுக்குத் தேடுவதும் அடைப்பதும். அமெரிக்காவில் தயாராகும் ‘ஆர்வி’ எனப்படும் வீட்டு வண்டிகளில் பெரும்பங்கு இந்த ஒரு கவுண்டியிலும் சுற்றுப்புறத்திலும்தான் உருவாகிறது. எல்கார்ட் நகரத்தில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. 1913-ல் செய்த ‘எர்ல்’ டிரெய்லர் வரைக்கும் அங்கே பார்க்கலாம். வருகிறவர்கள் உள்ளே குனிந்து குட்டி அடுப்பையும் மடக்குக் கட்டிலையும் ரசிப்பார்கள். எனக்குக் கண் போவது மூலைகளுக்கு. கூரையும் சுவரும் சேருமிடத்தில் அந்தக் காலத்து ஆள் என்ன செய்தான் என்பதில் இந்தத் தொழிலின் பாதி வரலாறு இருக்கிறது.

1930களின் வண்டிகளில் எலும்பு மரம்தான். அதன்மேல் மேசனைட் அல்லது பிளைவுட் அடித்து, வெளியே செயற்கைத் தோல் ஒட்டுவார்கள். கூரைக்குக் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாகப் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரே துணி கூரை முழுவதையும் மூடி ஓரத்தில் மடங்கி இறங்குவதால் இணைப்பு குறைவு. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கும் வரைக்கும் அது நன்றாகவே தாங்கியது. அடிக்காமல் விட்ட வருஷம் துணி வெடிக்கும். மேசனைட் என்பது மரநாரை வேகவைத்து அழுத்திய பலகை. முகத்தில் விழுந்த தண்ணீரைக் கொஞ்சநேரம் பொறுத்துக்கொள்ளும், விளிம்பு வழியாகப் போனால் உப்பிவிடும். உப்பிய பலகை ஆணியைத் தள்ளும், தளர்ந்த ஆணியின் ஓட்டை வழியாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும்.

எல்கார்ட் இந்தத் தொழிலுக்கு வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். ஊர் ஊராகப் போய் விற்பனை செய்துவந்த மைலோ மில்லர், தனக்கும் மனைவிக்கும் என்று ஒரு டிரெய்லர் செய்துகொண்டு, பிறகு அதையே தொழிலாக்கினார். வில்பர் ஷுல்ட்டும் இங்கே தன் கம்பெனியைத் தொடங்கினார். பித்தளை வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர் இது, கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடும்பங்கள், மரவேலை அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். ஒரு தொழிற்சாலையில் கற்றுக்கொண்டவன் வெளியே வந்து தானே ஒன்று தொடங்குவான். ஜன்னல் செய்பவன், அச்சு செய்பவன், பட்டி செய்பவன் எல்லோரும் பக்கத்துத் தெருவில் கடை போட்டார்கள்.

மரத்தை விட்டு விலகிப் போனவர்கள் விமானக்காரர்கள். கிளைடர் விமானங்கள் கட்டிய ஹாலி பௌலஸ், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் உருவான பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். 1934-ல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒரு டிரெய்லர் செய்தார். அதே பாணியில் வாலி பையம் 1936-ல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ வண்டியைக் கொண்டுவந்தார், விலை 1,200 டாலர். வெளியே ஒருவர் துப்பாக்கி பிடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து நிற்க, இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும் ரிவெட் அது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மேல் தகடு கீழ்த் தகட்டின் வெளிப்பக்கமாக விழும். குமரி மாவட்டத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓடு வேய்கிறவர் கீழ்வரிசையிலிருந்து மேலே ஏறுவதும் இதே கணக்குத்தான். பசையை நம்பாமல் சரிவை நம்பும் கூரை அது.

ஆனாலும் ஏர்ஸ்ட்ரீம் ஒழுகாமல் இல்லை. ஜன்னலோரமும் கூரையில் வைத்த காற்றுப்போக்கிச் சட்டமும்தான் அதற்கு வலுவில்லாத இடங்கள். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் கண்ணில் படாமலே சுவரின் அடிக்குப் போய், தரைப் பிளைவுட்டின் விளிம்பில் தேங்கும். 1970களின் வண்டிகளில் பின்பக்கத் தரை இப்படியே இற்றுப்போய், உடம்பு வேறு அடிச்சட்டம் வேறு என்று பிரிந்து நிற்பது, பழைய ஏர்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. வெளியே கண்ணாடியாய்ப் பளபளக்கும், பின் பம்பரில் ஏறி நின்று குதித்தால் உடம்பு அசையாமல் பம்பர் மட்டும் இறங்கும். வாங்க வருகிறவர்களை முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

உலகப்போருக்குப் பிறகு டிரெய்லர் எளிய குடும்பங்களுக்கும் வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் முட்டை வடிவம், மேலே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம். ஷாஸ்டா போன்ற அந்த வண்டிகளை இன்றைக்குப் பொக்கிஷமாகத் தேடிப் பிடிக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு அதிகம் வருவதும் அவைதான். அவற்றில் சுவரும் கூரையும் சேரும் ஓரம் நெடுக அலுமினியச் சட்டம் ஒன்று வளைந்து போகும். அதற்கடியில் பட்டி டேப் வைத்து, இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். சில காலம் கழித்து வந்த வண்டிகளில் அந்த ஸ்க்ரூ வரிசையை மறைக்க மெல்லிய வினைல் பட்டை ஒன்றைச் சொருகினார்கள். பார்வைக்கு லட்சணம்தான். வெயிலில் அந்தப் பட்டை சுருங்கும். முனைகளில் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று உள்வாங்கி, ஸ்க்ரூ தலைகள் வெளியே தெரியும். மேலே விழும் மழை அந்தப் பள்ளத்தில் ஓடிக் கீழ்முனையில் நின்றுவிடும். ஸ்க்ரூ துருப்பிடிக்கும். மரை வழியே தண்ணீர் நேராக மரத்துக்குள் இறங்கும்.

பட்டி டேப் என்பது எண்ணெயும் சுண்ணாம்புத்தூளும் பிசைந்த பொருள். மலிவு, வேலைக்குச் சுலபம். ஆனால் எண்ணெய் மெல்ல மெல்ல வற்றிவிடும், வற்றினால் இறுகும், இறுகினால் வெடிக்கும். ஓடுகிற வண்டி சும்மா இருப்பதில்லை. பள்ளம் மேட்டில் முறுக்கிக்கொள்கிறது. எட்டு மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, குளிர்காலத்துக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 60 டிகிரி செல்சியஸ் வித்தியாசப்பட்டால் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் மரமோ நீளவாக்கில் அந்த அளவு அசையாது. இரண்டுக்கும் நடுவே இறுகிப்போன பட்டி என்ன செய்யும்? ஒரு பக்கத்தை விட்டுவிடும். விட்ட இடம் மயிரிழை அகலம் இருந்தால் போதும்.

இதற்கு மாற்று வேறு இடத்தில் பிறந்தது. 1937-ல் நியூஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பியூட்டைல் ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். காற்றைக் கசியவிடாத குணத்தால் அது முதலில் டயர் டியூபுக்குப் போனது. சாம்பல் நிற, கறுப்பு நிற டேப்பாக ஆர்வி ஜன்னல்களுக்கு அடியில் வந்து சேர்ந்தது பிந்திய கதை. பல வருஷம் கழித்துப் பிரித்தாலும் இழுத்தால் நூலாக நீளும், கையில் ஒட்டும். தகடு நகர்ந்தால் கூடவே நகரும். இத்தனை நல்ல பொருள் கிடைத்த பிறகும் சில சென்ட் மிச்சத்துக்காகப் பட்டியையே வைத்துக் கட்டியவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான்.

அதைவிடப் பெரிய கேடு சிலிகான். வீட்டுக் குளியலறைக்கும் கண்ணாடிக்கும் அருமையான பொருள்தான், குற்றமில்லை. ஆனால் கடையில் குழாய்க்குழாயாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஒழுகுகிற வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை வாங்கி மூலையில் பிதுக்கினார்கள். சாதாரணச் சிலிகான் உலரும்போது வினிகர் வாசனை அடிக்கும். அந்த அமிலம் நாகப்பூச்சு ஸ்க்ரூக்களை அரிக்கும். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. பழைய சிலிகான்மேல் புதுச் சிலிகானே சரியாக ஒட்டாது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கி, அடுத்து வைக்கும் சீலண்டைத் தள்ளிவிடும். இதையெல்லாம்விட மோசம், உள்ளே போன தண்ணீர் வெளியேற இருந்த கொஞ்ச நஞ்ச இடுக்கையும் அடைத்துவிடுவதுதான். ஈரம் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும்.

அப்படி வந்த வண்டி ஒன்றைப் பிரிப்பதைச் சொல்கிறேன். வினைல் பட்டையை உருவினால் ஸ்க்ரூ வரிசை தெரியும். பாதி ஸ்க்ரூ சுற்றும், வெளியே வராது. பிடித்துக்கொள்ள அங்கே மரம் இல்லை என்று அர்த்தம். சட்டத்தை வெப்பக்காற்றில் இளக்கி, வளைந்துவிடாமல் இரண்டு கையாலும் மெல்லத் தூக்கவேண்டும். அடியில் பட்டி விரலால் தேய்த்தாலே பொடியாகும். தகட்டின் விளிம்பை ஒரு அங்குலம் விலக்கினால் மரம் கறுத்திருக்கும். குத்தூசியால் குத்திப் பார்ப்போம். நல்ல மரத்தில் முனை நிற்கும், இற்ற மரத்தில் பிடிவரை இறங்கும். எங்கே நிற்கத் தொடங்குகிறதோ அதற்கும் அப்பால் ஒரு அடி தள்ளி வெட்டிப் புது மரம் சேர்ப்போம். பிறகு பிளாஸ்டிக் சுரண்டி, மினரல் ஸ்பிரிட், கடைசியில் ஆல்கஹால் போட்டு, துணியில் அழுக்குப் படியாத வரை துடைக்கவேண்டும். சட்டத்தின் அடியில் பியூட்டைல் டேப்பை இழுக்காமல் வைத்து, ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து இரு முனைக்குமாகப் பாதி முடுக்கி விட்டுவிடுவோம். ராத்திரி முழுக்க டேப் அமுங்கிப் பிதுங்கும். காலையில் மறுபடி முடுக்கினால் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். இரண்டாம் முறை முடுக்குவதை விட்டவர் வேலை அடுத்த வருஷமே திரும்பி வரும்.

அறுபதுகளில் இணைப்பையே குறைத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் வந்தார்கள். அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பெனி, வெளியே அலுமினியம், நடுவே நுரைப்பலகை, உள்ளே பேனல் என்று மூன்றையும் ஒட்டிய சுவரைச் செய்து, 1966 முதல் மோட்டார் ஹோம்களைக் கட்டியது. பிறகு வெளித்தகட்டுக்குப் பதில் ஃபைபர் கிளாஸ், அதன் பின்னால் மெல்லிய லவான் பிளைவுட் என்று அந்த முறை எங்கும் பரவியது. சுவர் வழவழப்பாக வரும், எடை குறையும். ஆனால் ஜன்னலோரம் போன தண்ணீர் பிளைவுட்டில் ஊறினால் பசை விட்டு, சுவரில் குமிழ் எழும்பும். மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அலையலையாகத் தெரியும். மரச்சட்ட வண்டியை வெட்டி ஒட்டலாம். இதை அப்படிச் செய்ய முடியாது, சுவரையே மாற்றவேண்டும்.

எனக்குப் பிடித்த பதில் கனடாவிலிருந்து வந்தது. வின்னிபெக் நகரத்தில் ஃபைபர் கிளாஸ் கழிவுநீர்த் தொட்டிகள் செய்துவந்த ரே ஒலெக்கோ, 1968-ல் அதே பொருளில் ‘போலர்’ என்ற 13 அடி டிரெய்லரைக் கொண்டுவந்தார். மேல்பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப்பாதி ஒரு வார்ப்பு. இரண்டும் இடுப்பளவில் ஒரே ஒரு கோட்டில் சேரும். அழுகுவதற்குச் சுவரில் மரமே இல்லை. அதைப் பின்பற்றி மினசோட்டாவில் ஸ்கேம்ப், டெக்சாஸில் காசிட்டா என்று வந்தன. அந்த ரக வண்டிகள் ஐம்பது வயதிலும் சாலையில் ஓடுவதைப் பார்க்கிறேன். ஜன்னல் ரப்பரும் ரிவெட் ஓட்டைகளும்தான் அவற்றில் பார்க்கவேண்டிய இடங்கள். பெரிதாகச் செய்வது கடினம், வார்ப்பு அச்சுக்கு நிறைய முதலீடு வேண்டும். அதனால் எல்கார்ட் அந்தப் பாதையில் அதிகம் போகவில்லை. இந்த ஊருக்கு அது இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

எண்பதுகளில் கட்டடக் கூரைகளுக்குப் பயன்பட்ட இபிடிஎம் ரப்பர் விரிப்பு ஆர்வி கூரைகளுக்கு வந்தது. ஒரே விரிப்பு, முன்னிருந்து பின்வரை இணைப்பில்லை. பழைய கான்வாஸ் கூரையின் நற்குணம் திரும்பி வந்ததாகவே அதைப் பார்க்கிறேன். ஆனால் அதற்குள் கூரையில் ஓட்டைகள் பெருகிவிட்டன. ஏசி, விசிறி, குளியலறைச் சாளரம், ஆன்டெனா, கழிவுக்குழாய்க் காற்றுப்போக்கி. ஒவ்வொன்றுக்கும் விரிப்பை வெட்டிச் சட்டம் வைத்து, தானாகப் பரவிச் சமமாகும் சீலண்டை ஊற்றவேண்டும். அந்தச் சீலண்ட் சில வருஷத்தில் வெடிக்கும். பெட்ரோலியக் கலவை கொண்டு கழுவினால் ரப்பரே உப்பும். 1990-ல் பக்கத்து ஊரான நப்பனியின் நியூமார் கம்பெனி, சுவரின் ஒரு பகுதி வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று அது இல்லாத பெரிய வண்டியே அபூர்வம். அதோடு ஆளுயரத்துக்கு ஒரு திறப்பும், அதைச் சுற்றி அசையும் ரப்பர் விளிம்பும் வந்தன. அசையாத இணைப்பையே அடைக்கத் தெரியாமல் அறுபது வருஷம் திணறிய தொழில், நகரும் இணைப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டது.

2021-ல் இந்த நாட்டுத் தொழிற்சாலைகள் அனுப்பிய ஆர்விகள் ஆறு லட்சம். அதுவரை காணாத எண்ணிக்கை. இங்கே பல தொழிற்சாலைகளில் கூலி எண்ணிக்கைக் கணக்கு. இருட்டோடு போய் மதியம் திரும்பிவிடும் வேலை. வரிசையில் வண்டி நகரும்போது துடைக்க நேரமில்லாமல் தூசியின்மேலே சீலண்ட் போட்டால், அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேகத்தை முடிவு செய்கிறவர் அவரில்லை. பிரிட்டனில் கேரவன்களுக்கு ஆண்டுக்கொரு தடவை ஈரமானி வைத்துச் சுவர் முழுக்க அளந்து தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். தண்ணீர் புகுந்ததற்கு உத்தரவாதம் கேட்க அந்தத் தாள் வேண்டும். இங்கும் அப்படி ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தால் எத்தனையோ வண்டிகள் பிழைத்திருக்கும்.

தேடும் முறையும் மாறித்தான் வந்திருக்கிறது. பழைய முறையில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, வெளியே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு கீழிருந்து மேலே போகவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து எது காரணம் என்று தெரியாது. இப்போது கூரைச் சாளரத்தில் பெரிய விசிறியை வைத்து உள்ளே காற்றை நிரப்பி, மற்றத் திறப்புகளை ஒட்டி, வெளியே இணைப்பு நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறோம். விட்ட இடத்தில் குமிழ் வரும். கட்டில் தலைமாட்டில் கறை என்று வந்த வண்டியில், குமிழ் எதிர்ப்பக்கம் கூரை ஆன்டெனா காலடியில் வந்ததுண்டு. குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. சில சமயம் குமிழே வராது. அப்போது அது ஒழுக்கே இல்லை, குளிரில் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் தகட்டில் பட்டுக் குளிர்ந்து வடிந்த நீர்.

பழைய வண்டிகளை அச்சு அசலாக மீட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1950களின் வண்டிக்கு 1950களின் பட்டிதான் வைக்கவேண்டும் என்பார்கள். கைப்பிடி, விளக்கு, திரைத்துணி எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சட்டத்துக்கு அடியில் மட்டும் கேட்பதில்லை. அங்கே பியூட்டைல்தான். ஓரத்தில் பிதுங்கியதைச் சட்டத்தோடு ஒட்ட வெட்டிவிட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது. அதற்குச் சம்மதிக்காதவர் வண்டியை நான் திறப்பதில்லை.